யோசனைக் கம்பெனியின் சம்பூர்ணம்

ஆய்வு நிறுவனங்களின் வரலாற்றைக் கூறும் ஆங்கில நூல்கள் சிலவற்றை அகராதியின் துணையோடு படித்திருக்கிறேன். பெரும்பாலானவை மேல்நாட்டுப் போர்க்காலத்தில் தொடங்குகின்றன. படைத்தலைவர்களுக்கு வழி சொல்ல அறிஞர்களை ஓர் அறையில் கூட்டினார்கள். போர் முடிந்த பிறகும் அந்த அறை கலையவில்லை. பின்னர் சாலைக்கும் பள்ளிக்கும் உணவுக்கும் அரசுகள் அங்கே யோசனை கேட்கத் தொடங்கின. நம் நாட்டிலும் விடுதலைக்குப் பின் அத்தகைய நிறுவனங்கள் எழுந்தன. சென்னையில் உள்ள அவற்றுள் ஒன்று 1977-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டது. அதில் ‘முறைமாற்று விவாதம்’ என்னும் ஆய்வு முறையைத் தாங்களே வகுத்ததாக எழுதியிருந்தார்கள். திருத்தம் கேட்டு நான் எழுதிய கடிதங்களின் நகல்களும், என் ஆர்வத்துக்கு நன்றி கூறி வந்த ஒற்றை வரிப் பதிலும் என்னிடம் உள்ளன. இனி அவர்களுக்கு எழுதிப் பயனில்லை. ஆகவே அந்த முறையை வகுத்தவர் யார், அதற்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு எழுதுகிறேன்.

அவர் பெயர் சம்பூர்ணம். பழவேற்காடு ஏரிக்கரையில் கீழத்தோப்புக் குப்பத்தைச் சேர்ந்தவர். இறால் வியாபாரம் செய்தார்.

1966-இல் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையச் சாலையில் சாலமோன் என்பவர் ஐஸ் டிப்போ வைத்திருந்தார். அதன் பின்னறையில் வாரந்தோறும் சிலர் கூடினோம். அரிசி கிடைக்காத காலம். எதைப் பேசத் தொடங்கினாலும் அரிசியில் வந்து முடியும். வெறும் பேச்சாக விடாமல் ஆராய்ந்து எழுதி அரசு அலுவலகங்களுக்கு அனுப்பலாம் என்று சாலமோன் சொன்னார். ‘பொதுநல ஆய்வு வட்டம்’ என்று பெயர் வைத்தோம். ஆரம்பாக்கத்தில் நெல் நிலம் வைத்திருந்த துளசிராமன் வருவார். நான் ஓர் இரும்பு ஆலையில் டைம்கீப்பராக இருந்தேன். செய்யாத குற்றத்துக்காகப் பிற்பாடு அங்கிருந்து நீக்கப்பட்டேன், அந்த வழக்கின் தாள்கள் தனிக் கட்டாக இருக்கின்றன. எழுதும் பொறுப்பு என்னுடையது. ஊரார் எங்களை ‘யோசனைக் கம்பெனி’ என்று கேலி செய்தார்கள்.

கேலியில் நியாயம் இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் நாங்கள் அனுப்பிய எந்த அறிக்கைக்கும் பதில் வரவில்லை. காரணம் இப்போது புரிகிறது. ஒவ்வொருவரும் தம் கருத்தோடு வந்து, அதே கருத்தோடு எழுந்து போனோம். அறிக்கை என்று நான் எழுதியது, ஒன்றோடொன்று பேசாத கருத்துகளைச் சேர்த்துத் தைத்த மூட்டை.

சம்பூர்ணம் இறாலுக்கு ஐஸ் வாங்க அங்கே வருவார். ஐஸ் உடைத்துத் தரும் வரை கூடையருகே உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்பார். ஒரு நாள், பாசனத்துக்கு மின்சாரப் பம்புசெட்டா, ஏரிகளைத் தூர்வாருவதா என்று துளசிராமனும் சாலமோனும் குரல் உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா சாரு இது! போன வாரமும் இதே பேச்சு, இந்த வாரமும் இதே பேச்சு. நைனா சொல்றத நீங்க கேக்கல, நீங்க சொல்றத நைனா கேக்கல. அப்பறம் இந்த டைம்கீப்பரு இன்னாத்த எய்துவாரு பாவம்?” என்றார்.

துளசிராமனுக்குக் கோபம். “எறா விக்க வந்தியா, வித்துட்டுப் போய்க்கினே இரும்மா. இது ஆராய்ச்சி.”

“ஆராய்ச்சியா? எங்க குப்பத்துல வலைக்கு எடம் புடிக்கிற சண்டையே இத்தவிட அயகா இருக்கும் நைனா.”

சாலமோன் சிரித்துவிட்டார். “அந்தச் சண்டைய எப்படிம்மா தீத்துக்கிறீங்க?”

“சீட்டுதான்” என்றார் சம்பூர்ணம்.

பிறகு அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, வலை கட்டுவதற்கான இடங்கள் சில உள்ளன. சில இடங்களில் இறால் கொட்டும். சில இடங்களில் வலை வெறுமையாக வரும். வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊரில் உரிமையுள்ள குடும்பத் தலைவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். அந்த வரிசைப்படி ஒவ்வொருவரும் ஓரிடத்தில் வலை கட்டுவார். மறுநாள் அடுத்த இடத்துக்கு நகர்வார். இதற்குப் பாடு என்று பெயர். அந்த உரிமையுள்ள குடும்பம் ஒரு தலைக்கட்டு. சம்பூர்ணத்தின் கணவர் முனிகிருஷ்ணன் புயலில் இறந்தபோது அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கைம்பெண்ணுக்குப் பாடு எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஊர்த் தலைவரும் முனிகிருஷ்ணனின் பெரியப்பா மகனுமான அரசப்பன்தான் அவருக்காகப் பேசி, இறந்தவரின் பெயரிலேயே சீட்டு எழுத வைத்தார். சம்பூர்ணம் ஆள் வைத்து வலை கட்டினார். அந்த ஒரு சீட்டுதான் அவருக்குச் சோறும், ஊரில் மதிப்பும்.

“நீங்களும் சீட்டுப் போடுங்க சாரு” என்றார். “பம்புசெட்டுன்னு ஒண்ணு, ஏரின்னு ஒண்ணு. எது கையில வருதோ அத்தப் பேசு. அடுத்த வாரம் எடம் மாத்திக்கினு பேசு. கெட்ட எடத்துல ஒரு நாளு நின்னாத்தான் அங்க நிக்கிறவன் இன்னாத்துக்குக் கத்துறான்னு தெரியும்.”

விளையாட்டாகச் சீட்டுப் போட்டோம். துளசிராமனுக்கு ஏரி வந்தது. “நானு பம்புசெட்டுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கினு கீறவன்! நானா ஏரிக்குப் பேசறது?” என்று எழுந்தே விட்டார். சம்பூர்ணம் கூடையைத் தூக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியின்றித் துளசிராமன் பேசத் தொடங்கினார். கிணற்று நீர் ஆண்டுக்காண்டு கீழே போவதையும், பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு தம் கிணற்றால் வற்றியதையும் அவர் வாயாலேயே அன்று கேட்டோம். அதற்கு முன் அவர் அதைச் சொன்னதே இல்லை.

அன்றிலிருந்து அதுவே எங்கள் விதி. முதல் வாரம் சீட்டில் வந்த பக்கம். இரண்டாம் வாரம் எதிர்ப்பக்கம். மூன்றாம் வாரம்தான் ‘என் கருத்து’ என்று ஒருவர் வாய் திறக்கலாம். அதன் பிறகே நான் எழுதுவேன். ஏரி பற்றிய அறிக்கைக்கு வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஓர் அதிகாரி நேரிலும் வந்தார். பழவேற்காட்டுப் படகுத்துறை பற்றித் தாலுகா அலுவலகமே எங்களைக் கேட்டது. ஊத்துக்கோட்டைச் சந்தை வியாபாரிகள் பேருந்துத் தடம் பற்றிக் கேட்டு வந்தார்கள். யோசனைக் கம்பெனி என்ற பெயர் நிலைத்தது. கேலி மட்டும் கழன்றது. சம்பூர்ணம் முழு உறுப்பினரானார். செய்தித்தாளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒருவர் பேச்சில் எந்த இடம் பொத்தல் என்பதை அவரைப் போலக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை.

1972-இல் கும்மிடிப்பூண்டிக்கு அருகில் ஒரு ரசாயன ஆலை வருவதாக அறிவிப்பு வந்தது. ஆலையின் கழிவுநீரை வாய்க்கால் வெட்டி ஏரியில் விடுவது திட்டம். வாய்க்காலுக்கான நிலம் ஆரம்பாக்கம் பக்கத்து வயல்களிலிருந்து எடுக்கப்படும். வட்டம் இதை ஆராயாமல் இருக்க முடியாது. ஆனால் சம்பூர்ணத்தைச் சீட்டில் சேர்க்க எங்களுக்கு மனமில்லை. அவருடைய ஏரி அது.

“இந்த ஒரு தடவை நீ கேட்டுக்கினு மட்டும் இரும்மா” என்றார் துளசிராமன்.

“ஏன், உன் வயலும்தான் போவுது. நீ சீட்டு எடுக்கல?” என்று கேட்டுவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். வாய்க்கால் வேண்டும் என்ற பக்கம் அவருக்கு வந்தது.

அன்று மாலை ஒரு விருந்தினரும் இருந்தார். முதலில் நான் குறிப்பிட்ட சென்னை ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்திருந்த சேகர் என்ற ஆய்வாளர். நல்ல உழைப்பாளி, பின்னால் நடந்ததற்கு அவருடைய தீய எண்ணம் காரணம் என்று நான் இன்றும் எழுதமாட்டேன். எங்கள் வட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆலை குறித்து உள்ளூர்க் கருத்தை அறிய வந்திருந்தார்.

சம்பூர்ணம் பேசினார். “முகத்துவாரம் மணல் அடிச்சி மூடிக்கிற வருசம் நாங்க இன்னாத்த திங்கறோம்? அப்ப எந்தக் கம்பெனி தண்ணி வுட்டுச்சி? எங்க பசங்க பாதிப் பேரு மெட்ராசுல மூட்டை தூக்கிக்கினு கீறான். பாக்டரின்னா ஒண்ணாந்தேதி சம்பளம். ஏரி ஒண்ணாந்தேதி பாத்தா எறா குடுக்குது? மழை பேஞ்சா வயக்காட்டு மருந்தெல்லாம் எங்க ஏரியிலதான் வந்து வுழுது. நைனா அடிக்கிற மருந்துக்கு இத்தினி வருசத்துல நான் ஒரு வார்த்தை கேட்டனா? கம்பெனிக்காரன் வுட்டாத்தான் வெசமா?”

துளசிராமன் நெளிந்தார். சேகர் வேகமாகக் குறித்துக்கொண்டே, “அம்மா, நீங்க மீனவர் குடும்பம்தானே?” என்று கேட்டார்.

“பின்ன, ஏரோப்பிளேன் ஓட்டற குடும்பமா?” என்றார் சம்பூர்ணம். அறையே சிரித்தது.

சாலமோன் சேகரிடம், “தம்பி, அடுத்த வாரமும் வாங்க. இவங்களே எதிர்ப்பக்கம் பேசுவாங்க. அதையும் கேட்டாத்தான் முழுசு” என்றார். கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டு சேகர் ரயிலைப் பிடிக்கப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. எங்கள் அறிக்கை முடியும் முன்பே அவருடைய நிறுவனத்தின் அறிக்கை அச்சாகிவிட்டது. ஏரியை நம்பி வாழும் கீழத்தோப்புக் குப்பத்து மீனவரின் பெண் பிரதிநிதி ஒருவர், வேலைவாய்ப்பைக் கருதிக் கழிவுநீர் வாய்க்காலை வரவேற்றார் என்று அதில் கண்டிருந்தது.

நில எடுப்பு நோட்டீஸ் கொண்டு வந்த தாலுகா ஊழியர் அந்த வரியைக் குப்பத்தில் எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்டி, “உங்க ஆளே ஒத்துக்கிட்டாங்களே” என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போய்வரும் பெண் ஒருவர்தான். அந்த ஆண்டின் சீட்டுக் குலுக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பூர்ணத்தின் தலைக்கட்டை நீக்குவது பற்றிப் பேச ஊர்க் கூட்டம் போடுவதாக அரசப்பன் சொல்லி அனுப்பினார்.

கூட்டத்துக்கு முன் டிப்போவில் நாங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

“சும்மா பேச்சுப் பழக்கத்துக்குப் பேசினேன், நெசம் இல்லன்னு சொல்லிடும்மா. அதோட முடிஞ்சிது” என்றார் துளசிராமன்.

சம்பூர்ணம் தலையை ஆட்டினார். “அது எப்டி நைனா? சும்மா பேசினேன்னு நானே சொன்னா, இந்த ரூமுல பேசறது அத்தினியும் சும்மான்னு ஆயிடும். நாளைக்கு தாலுக்கா ஆபீசுல டைம்கீப்பரு எய்தினத எவன் படிப்பான்? இன்னொண்ணு. நான் பேசினது எதுவும் பொய்யில்ல. முகத்துவாரம் மூடறது பொய்யா? பசங்க மூட்டை தூக்கறது பொய்யா? கம்பெனிக்காரன் இத்தயே வந்து பேசுவான். எங்க ஆளுங்க ஒரு தடவகூட இத்தக் கேட்டதில்ல. கேக்காதவன் எப்டி பதில் சொல்லுவான்?”

“உன் சீட்டு போய்டும், சம்பூர்ணம்” என்றார் சாலமோன்.

“தெரியும் சாரு. ரெண்டு நாளா சோறு எறங்கல” என்றார் அவர்.

கூட்டம் வலை காயும் மணல்மேட்டில் நடந்தது. எங்களை உட்கார அனுமதித்தார்கள்; பேசக் கூடாது என்பது நிபந்தனை. அரசப்பன் நடுவில் இருந்தார். முன்பு சம்பூர்ணத்துக்காகப் பேசியவரே இப்போது விசாரிக்க வேண்டியிருந்தது.

“அந்தப் பொஸ்தகத்துல போட்டுக்கிறது நீ பேசினதுதானா?”

“நான் பேசினதுதான் மாமா.”

கூட்டம் கொதித்தது. “கம்பெனிக்காரன் எவ்ளோ டப்பு குடுத்தான்?” என்று கலியன் என்பவர் கத்தினார். முனிகிருஷ்ணனின் பங்காளி, முன்பு முணுமுணுத்தவர்களில் ஒருவர்.

“அது பாதிதான் மாமா. முழுசையும் இங்கியே பேசறேன். கேட்டுட்டு அப்பறம் சீட்டக் கியிச்சிப் போடுங்க” என்றார் சம்பூர்ணம். பிறகு நாங்கள் யாரும் எதிர்பாராததைச் செய்தார். ஆலையின் பக்கத்தை மீண்டும் முதலிலிருந்து பேசினார், டிப்போவில் பேசியதைவிடக் கடுமையாக.

வசவுகள் பறந்தன. ஆனால் வசவுகளுக்கு நடுவே பதில்களும் வந்தன. “மணல் அடிச்சி மூடினா மறு மழையில தொறந்துக்கும்டி! வெசம் வந்தா எந்த மழை கழுவும்?” என்றார் ஒரு கிழவர். “பாக்டரியில நம்ம பசங்களுக்கு வேலைன்னு எவன் எய்திக் குடுத்தான்?” என்றாள் செல்வி என்ற இளம்பெண். “எறாக் குஞ்சு ஏறுற வாயிலதான் வாய்க்கால் வந்து வுழுது, அது தெரியுமா ஒனக்கு?” என்று கலியனே எழுந்து கேட்டார். கோபத்தில் அவர் சொன்னதுதான் அன்றைய சிறந்த வாதம்.

சம்பூர்ணம் அது வரை காத்திருந்ததைப் போல நிறுத்தினார். “இப்ப நான் எடம் மாத்திக்கிறேன்” என்றார். அவர்கள் எறிந்த பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து, வரிசைப்படுத்தி, ஆலையின் வாதங்களுக்கு எதிரே நிறுத்தினார். கலியனின் வாதத்தைக் கடைசியில் வைத்தார். கூட்டம் அடங்கியது.

“அப்ப நீ எந்தப் பக்கம்டி?” என்றார் அரசப்பன்.

“வாய்க்கா வரக் கூடாது மாமா.”

“அத்த மொதல்லியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் நாஷ்டாவாச்சும் துன்னுருப்பேனே!”

சிரிப்பு எழுந்தது. ஆனால் தீர்ப்பு சிரிப்போடு முடியவில்லை. பெரியவர்கள் தனியே பேசிவிட்டு வந்தார்கள். உள்நோக்கம் இல்லை என்பதை ஊர் ஏற்றது. ஆயினும் ஊரைக் கேட்காமல் ஊரின் பெயர் வெளியே போனது அவர் வாயால். அதற்காக ஓர் ஆண்டுக்கு அவருடைய பாடு நிறுத்தப்படும். அடுத்த ஆண்டு சீட்டு உண்டா என்பதை அப்போது கூடும் கூட்டம் முடிவு செய்யும்.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. திரும்பும் வழியில் மேல்முறையீட்டு மனு ஒன்றை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். சம்பூர்ணமோ, “தப்பு இல்ல சாரு. ஊரு பேரு போச்சில்ல?” என்று மட்டும் சொன்னார்.

பொன்னேரியில் நடந்த நில எடுப்பு விசாரணைக்குக் குப்பத்திலிருந்து படகுப் படகாக ஆட்கள் வந்தார்கள். ஆலையின் பிரதிநிதி முகத்துவாரத்தைப் பற்றிப் பேசினார், பதில் இருந்தது. வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினார், செல்வி எழுந்தாள். இறால் குஞ்சைப் பற்றிக் கலியன் பேசியபோது விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். துளசிராமன் தம் வயலைப் பற்றிப் பேசும் முன், தாம் அடிக்கும் மருந்தைப் பற்றியும் பேசினார். எங்கள் வட்டத்தின் அறிக்கையை, இரண்டு பக்க வாதங்களும் மூன்றாம் வாரத்து முடிவும் சேர்த்து, நான் கொடுத்தேன். சில மாதங்களில் வாய்க்கால் கைவிடப்பட்டது. ஆலை தன் நிலத்திலேயே கழிவுநீர்த் தொட்டிகள் கட்டியது. ஆணையில் செலவு அதிகம் என்பதையே காரணமாகக் காட்டியிருக்கிறார்கள். எங்களால்தான் நடந்தது என்று நான் எழுதமாட்டேன்; அதற்குச் சான்று என்னிடம் இல்லை.

நடந்ததை முழுவதும் சேகருக்கு எழுதி, எங்கள் முறையை விளக்கி, சம்பூர்ணத்தின் பெயரையும் குறிப்பிட்டு அனுப்பினேன். மிகவும் பயனுள்ள முறை என்று பதில் எழுதினார். அந்தப் பயனை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த ஆண்டு சம்பூர்ணம் மற்றவர்களின் இறாலைத் தலைச்சுமையாகச் சுமந்து விற்றார். வலையைப் பழுது பார்த்து மடித்து வைத்தார். மெலிந்துபோனார். ஆனால் ஒரு வாரம்கூட டிப்போவுக்கு வராமல் இருக்கவில்லை. ஆலைக்கு ஆதரவாக நீங்கள் பேசியிருக்கவே வேண்டாம் என்று நான் ஒருமுறை வருந்தியபோது, “அத்தப் பேசாம வுட்டிருந்தா பொன்னேரியில எங்க ஆளுங்க கையக் கட்டிக்கினு நின்னிருப்பானுங்க சாரு” என்றார்.

அடுத்த குலுக்கல் நாளன்று நானும் சாலமோனும் போயிருந்தோம். மற்றப் பெயர்களெல்லாம் எழுதி முடிந்தபின் அரசப்பன் சம்பூர்ணத்தின் பேச்சை எடுத்தார். உடனே கலியன் எழுந்தார்.

“ஒரு வருசம் இல்லாம இருந்துச்சே, எதுனா கொறைஞ்சி பூடுச்சா? பொம்பளைக்கு இன்னாத்துக்குத் தலைக்கட்டு?”

அரசப்பன் அவரை நிதானமாகப் பார்த்தார். “சரிடா கலியா. அவளுக்குக் குடுக்கணும்னு மொதல்ல நீ பேசு.”

“நானா? நான் இன்னாத்துக்குப் பேசணும்?”

“பேசுடா. அப்பறம் உன் பக்கத்த அவ பேசுவா.”

கூட்டம் ஆரவாரித்தது. “பேசு கொழுந்தனாரே” என்றார் சம்பூர்ணம். “உன் பக்கத்த நான் நல்லாவே பேசித் தர்றேன்.”

கலியன் வேட்டியை இறுக்கிக்கொண்டு நின்றார். “வலை அவளுது” என்று தொடங்கினார். “ஆளுக்குக் கூலி அவதான் குடுக்கறா. அண்ணன் போனப்பறம் ஊரு வரி பாக்கி வெச்சதில்ல. பொன்னேரிக்குப் போனப்ப...” அங்கே நின்றுவிட்டார். “போங்கப்பா, பேஜாரு. சீட்டப் போடுங்க” என்று உட்கார்ந்துவிட்டார்.

எழுதுவதற்கு என்னை அழைத்தார்கள். வழக்கப்படி முனிகிருஷ்ணன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். சம்பூர்ணம் அருகில் வந்து, தன் பெயரை எழுதச் சொன்னார். நான் அரசப்பனைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். சம்பூர்ணம் என்று எழுதி, ஈரம் காயும் வரை ஊதி, மடித்துப் பானையில் போட்டேன்.